பின்னால் இருப்பதற்கு எத்தனை பெயரய்யா!

ஒரு பொருள் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்வதற்குள் இங்கிலீஷ் படுத்தும் பாடு இருக்கிறதே!

காரையே எடுங்கள். சக்கரம் ‘ரியர் வீல்’, கண்ணாடி ‘ரியர்வியூ மிரர்’, உட்காரும் இடம் மட்டும் ‘பேக் சீட்’. நாயின் பின்னங்கால் ‘ஹைண்ட் லெக்’. நாற்காலிக்கு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், அங்கே ‘பேக் லெக்’. கப்பலின் பின்பகுதி ‘ஸ்டெர்ன்’. அந்தப் பக்கமாக நடந்தால் ‘ஆஃப்ட்’ போகிறீர்களாம்.

ஆகக் கடைசி என்று சொல்ல வந்தால் இன்னும் கூத்து. ‘ரியர்மோஸ்ட்’ ரயில் பெட்டிக்கும் ஆகும், கடைவாய்ப் பல்லுக்கும் ஆகும். ‘ஆஃப்டர்மோஸ்ட்’ கப்பலோடு சரி. ‘ஹைண்ட்மோஸ்ட்’ ஒரு பழமொழிக்குள் ஒண்டிக்கொண்டு பிழைக்கிறது. ‘பேக்மோஸ்ட்’ அகராதியில் உண்டு, யார் வாயிலும் வருவதில்லை.

உடற்கூறு பக்கம் போனால், ‘போஸ்டீரியர்’, ‘டார்சல்’ இரண்டுமே மனிதனுக்கு முதுகுப்பக்கம்தான். மாட்டை நிறுத்திப் பாருங்கள்: டார்சல் மேலே ஏறிவிடும், வால்பக்கம் ‘காடல்’ ஆகிவிடும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது சின்னச் சொற்கள்தான். ‘அட் த பேக் ஆஃப் த பஸ்’ என்றால் பஸ்ஸுக்குள்ளே கடைசி சீட்டுப் பக்கம். ‘பிஹைண்ட் த பஸ்’ என்றால் வெளியே நின்று புகையை விழுங்குகிறீர்கள். அமெரிக்கர் அதையே ‘இன் பேக் ஆஃப் த பஸ்’ என்பார். நடுவில் ஒரு ‘த’ சேர்த்து ‘இன் த பேக் ஆஃப்’ என்றால் மறுபடி உள்ளே!

அப்புறம், ‘ரியர்’ என்பதைத் தனியாக எந்த மனிதரைப் பற்றியும் சொல்லித் தொலைக்காதீர்கள். அது உட்காரப் பயன்படும் இடம்.