ஓடும் சமையலறையின் கச்சேரி

மெத்தையும் அடுப்பும் உள்ள கேரவன் வண்டி நின்றால் சொர்க்கம், ஓடினால் தலைவலி. நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக மார்த்தாண்டம் வரை ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

முதல் எதிரி அடுப்பின் இரும்புத் தாங்கி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு 'டங்'. அதைக் கழற்றித் தோர்த்தில் (துண்டில்) சுற்றி மெத்தைக்கடியில் தள்ளினால், அடுப்பின் கண்ணாடி மூடி ஆரம்பிக்கும். அதன் கீழே துணி மடித்து வைத்தால் சரி, அப்புறம் கரண்டி டிராயர். ரப்பர் விரிப்பு போட்டதும் கரண்டிகள் அடங்கின. இப்போது டிராயரே ஆடுகிறது! எவர்சில்வர் தட்டுகளுக்கு இடையில் செய்தித்தாள், டம்ளருக்குள் பழைய சாக்ஸ் (துவைத்ததுதான்). ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால், காற்றாலை சுற்றும் அந்தக் காற்று கூரை ஜன்னல் மூடியையும் தட்டிப் பார்க்கும்.

இத்தனைக்கும் அடங்காத ஒரு 'கிணிகிணி' இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டித் தேடினால் கப்சிப். கிளம்பியதும் மறுபடி கிணிகிணி. எரிச்சல் என்னவென்றால், வீட்டுக்காரர் "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்கிறார். அவருக்கு இப்போது மீன் குழம்பு வைக்க வண்டியில் மண்சட்டி வேறு வேண்டுமாம்.