ரீகால் வந்த வண்டியான்னு கேட்காதீங்க, ரீகால் முடிச்ச வண்டியான்னு கேளுங்க

திருநெல்வேலிப் பக்கம் செகண்ட்ஸ் வண்டி பேரம் நடக்கிற இடத்தில் "அந்த மாடலுக்கு ரீகால் வந்துருக்காம், வேண்டாம் அண்ணாச்சி" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். ரீகால் என்றாலே கறை பட்ட வண்டி என்று ஒரு நினைப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "இந்தத் தேதிக்குள் செய்த வண்டிகளில் இந்தப் பாகம் சந்தேகம், கொண்டு வாங்க, காசில்லாமல் மாற்றித் தருகிறோம்" என்று கம்பெனி அறிவித்துவிட்டால் நோயும் தெரியும், மருந்தும் தெரியும். அழைப்பு வந்தும் போகாமல் விட்ட வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும். அது அடையாளம் தெரியாமல் நம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

2023 ஜனவரியில் மாருதி 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பிரெஸ்ஸாவும் கிராண்ட் விட்டாராவும் அதில் உண்டு. 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை செய்த வண்டிகள். ஏர்பேக் கன்ட்ரோலரில் சந்தேகம். மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற பிரீடென்ஷனரும் வேலை செய்யாமல் போகலாம். பாகத்தை மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று கம்பெனியே சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கோளாறு ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. சத்தம் வராது, மைலேஜ் குறையாது, பிக்கப் போகாது. "வண்டி நல்லாத்தான் ஓடுது, எதுக்கு ஷோரூம் போகணும்" என்ற நம்ம ஊர் நியாயம் இந்த இடத்தில் செல்லாது.

அதே மாதம் 11,177 கிராண்ட் விட்டாராக்களுக்குப் பின்சீட் பெல்ட்டின் பிராக்கெட்டைப் பார்க்க அழைப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் ஹூண்டாயின் கிரெட்டா, வெர்னா இரண்டும் சேர்த்து 7,698, கியாவின் செல்டோஸ் 4,358. எல்லாம் 2023இல் செய்த, சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பெட்ரோல் வண்டிகள். கியர்பாக்ஸுக்கு ஆயில் தள்ளுகிற மின்சார பம்பின் கன்ட்ரோலரில் சந்தேகம். 2023 ஆகஸ்டில் மஹிந்திரா எக்ஸ்யூவி400 மின்சார வண்டி 3,560: பிரேக்கை எவ்வளவு மிதித்தோம் என்று உணர்கிற பொட்டென்ஷியோமீட்டரின் ஸ்பிரிங் சரியாகத் திரும்பவில்லை. 2025 நவம்பரில் 39,506 கிராண்ட் விட்டாராக்களுக்கு எரிபொருள் முள்ளும் அதன் எச்சரிக்கை விளக்கும் தப்பாகக் காட்டலாம் என்று அழைப்பு. கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் கால் டேங்க் இருப்பதாகக் காட்டிக்கொண்டே நாலு வழிச் சாலையில் ராத்திரி வண்டி நின்றால், பின்னால் வருகிற லாரிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, அழைப்பு ஏன் வந்து சேர்வதில்லை? கம்பெனியிடம் இருப்பது முதல் ஓனரின் போன் நம்பரும் முகவரியும். நம்ம பக்கம் வண்டி புரோக்கர் கைமாறி, பெயர் மாற்றாமலே ஒரு வருஷம் ஓடி, அப்புறம் இன்னொருத்தர் கைக்குப் போகும். முதல் ஓனர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார், பழைய நம்பர் செத்திருக்கும். வெளிப் பட்டறையில் சர்வீஸ் பார்க்கிற வண்டி ஷோரூம் கம்ப்யூட்டரில் ஏறுவதே இல்லை. அதனால் தேடிப் போக வேண்டியது நாம்தான்.

ஆர்சி புக்கில் சேஸிஸ் நம்பர் இருக்கிறது, 17 எழுத்து. அதை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெய்ன் என்ற பக்கத்தில் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று காட்டும். அந்தப் பக்கம் கிடைக்காவிட்டால் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு நம்பரைச் சொல்லிக் கேளுங்க. இந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்தும் வராது. வட்டமாகத் தெரிந்தால் பூஜ்யம், கோடாகத் தெரிந்தால் ஒன்று. இதை மாற்றி அடித்தால் "பதிவு இல்லை" என்று வரலாம். ஆர்சியில் இருப்பதும் வண்டியின் உடலில் அடித்திருப்பதும் ஒன்றுதானா என்று அப்படியே ஒத்துப் பார்த்துவிடுங்க. ரீகால் வேலைக்கு வாரன்டி இருக்கிறதா, எத்தனையாவது ஓனர் என்பதெல்லாம் கணக்கில்லை. வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் ரீகால் வேலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்க. விற்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அமெரிக்கச் செய்தியை நம்ம வண்டியோடு குழப்ப வேண்டாம். 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா இரண்டும் அமெரிக்காவில் 33 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் பகுதியில் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக அழைத்தன, வீட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்கள். அது அந்த நாட்டில் விற்ற வண்டிகளுக்கு. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற பாகம் வேறாக இருக்கலாம். உங்கள் சேஸிஸ் நம்பர் சொல்வதுதான் கணக்கு.

ஃபோர்டு எக்கோஸ்போர்ட் விஷயம் கொஞ்சம் வேறு. மறைமலைநகரில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டி அது. 2018 முதல் 2022 வரையிலான அந்த 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் பெட்ரோல் வண்டிகளை, ஆயில் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் உடையலாம் என்று அங்கே அழைத்தார்கள். அது போனால் ஆயில் பிரஷர் போகும், இன்ஜின் நிற்கும், பிரேக்குக்குக் கிடைக்கிற பூஸ்டர் உதவியும் போகும். நம்ம ஊரில் ஓடுவது பெரும்பாலும் 1.5 டீசல், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எக்கோபூஸ்ட் வைத்திருப்பவர் மட்டும் ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. 5டபிள்யூ-20 என்ற தடிமனில் ஃபோர்டு சொன்ன தரம்தான் ஊற்ற வேண்டும். டின்னில் மீந்ததை ஊற்றினால் பெல்ட் அரித்து, தூள் ஆயில் வடிகட்டியை அடைக்கும்.

இனி ரீகாலுக்குள் வராத தேய்மானமும் பழக்கக் கோளாறும். இதற்கெல்லாம் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்லை, சிலதில் விற்கிறவர்களைத் திட்டலாம். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை தினம் போய் வருகிற ஆளுக்கு பிஎஸ்6 டீசல் எஸ்யூவியை விற்பது அநியாயம் என்பேன். டீசலின் சைலன்ஸர் வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கிறது. அந்தக் கரி எரிய 550, 600 டிகிரி சூடு வேண்டும். ஈரடுக்கு மேம்பாலத்தடியில் ஊர்ந்து ஆறு கிலோமீட்டரில் வண்டியை அணைத்தால் அந்தச் சூடு எங்கே வரும்? அப்போது வண்டி சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சிச் சூட்டை ஏற்றப் பார்க்கும். ஐடிலிங் கொஞ்சம் உயரும், ரேடியேட்டர் ஃபேன் விடாமல் ஓடும், சூடான வாடை வரும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீங்க, அது டீசல். அளவு மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்க, டிபிஎஃப் வண்டிக்கென்று உள்ள சாம்பல் குறைந்த ஆயில், டப்பாவில் சி2 அல்லது சி3 என்று இருக்கும், மேனுவல் எதைச் சொல்கிறதோ அது.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே நாங்குநேரிப் பக்கம் ஒரு ஓட்டம் விடுங்க. ஒரு கியர் குறைத்து, இன்ஜின் 2,000 சுற்றுக்கு மேல் இருக்கிற மாதிரி, அறுபதுக்குக் குறையாமல் 15, 20 நிமிஷம். பெரும்பாலும் அணையும். விளக்கோடு மாதக்கணக்கில் ஓட்டினால் வண்டி வேகம் ஏறாத நிலைக்குப் போய், ஷோரூமில் கம்ப்யூட்டர் வைத்து எரிக்க வேண்டி வரும், அதற்கும் மசியாவிட்டால் டிபிஎஃப் புதுசு. "உள்ளே இருக்கிறதை எடுத்துட்டு ஓட்டையா விட்டுடலாம்" என்று சொல்கிற பட்டறைகள் உண்டு. புகை டெஸ்டில் மாட்டுவது ஒரு பக்கம், வாரன்டியும் அத்தோடு போகும்.

இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் உலர் கிளட்ச், ஈரக் கிளட்ச் என்று இரண்டு வகை. ஹூண்டாய், கியா பெட்ரோல் டர்போவிலும் குஷாக், டைகூன் 1.5இலும் வருவது உலர் வகை. ஆயிலில் குளிராது, காற்றில்தான் ஆற வேண்டும். ஆனித் தேர்க் கூட்டத்திலோ குற்றால சீசன் நெரிசலிலோ அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் பாதிக் கிளட்சில் சூடாகும். முன்வண்டி நகர்ந்த உடனே நகராமல் ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு ஒரேயடியாகப் போங்க. மேட்டில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீங்க, பிரேக்கை மிதிங்க. சூடு எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி, பார்க்கில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டே ஆறவிடணும்.

முன்பக்கம் "கடகட" சத்தம் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மெதுவாகப் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வந்தால் முதலில் பார்க்க வேண்டியது லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், அதாவது வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியின் இணைப்பும் ரப்பரும். அதிகச் செலவில்லாத வேலை. எடுத்த எடுப்பில் ஷாக் அப்சார்பர் ஜோடியாக மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க, ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருக்கா என்று. சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றினால் கடைசி முறுக்கு வண்டி தரையில் நிற்கும்போதுதான் கொடுக்கணும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். நம்ம பட்டறைகளில் பாதி இதைச் செய்வதில்லை.

திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் ஓடுகிறவர் ஏர் ஃபில்டரை சர்வீஸ் புத்தகம் சொல்வதற்குப் பாதி தூரத்திலேயே பார்க்கணும். வயலோரம் நிறுத்துகிற வண்டியில் எலி வயரைக் கடித்தால், "சவத்தை விடு, டேப் சுத்துனா போதும்" என்று விட வேண்டாம். ஏபிஎஸ் சென்சர் வயரானால் முழு வயரையே மாற்றுங்க.

ஏர்பேக் விஷயத்தில் நாமே செய்கிற அழிச்சாட்டியம் தனி. இடது பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் மூடிக்கு நேர் மேலே பிள்ளையாரையோ வேளாங்கண்ணி மாதாவையோ பசை போட்டு ஒட்டுகிறோம். விரிகிற நேரத்தில் அந்தச் சிலை பக்கத்துச் சீட்டுக்காரர் முகத்துக்குத்தான் வரும். சாமியை நடுவில் வையுங்க, அவர் கோபப்பட மாட்டார். ஆறு ஏர்பேக் வண்டியில் முன்சீட் முதுகின் பக்கவாட்டில் ஏர்பேக் சீட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. ரெக்ஸின் கவர் தைத்து அதை மூடினால் விரிய வழியில்லை, அந்தப் பக்கம் பிரிகிற தையல் உள்ள கவர்தான் போடணும். பெல்ட் அலாரத்தை ஏமாற்ற விற்கிற கிளிப்பைக் கழற்றி எறியுங்க. முன்னால் போடுகிற இரும்பு பம்பர் 2017 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டது, மோதல் சென்சரின் கணக்கையும் அது கெடுக்கும்.

வெள்ள வண்டி பற்றியும் சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஓடியபோது ஜங்ஷனிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை எத்தனையோ வண்டி முங்கியது. கழுவித் துடைத்த வண்டி வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஏர்பேக் கன்ட்ரோலர் கியர் லீவர் பக்கத்தில் நடு கன்ஸோலுக்கு அடியில், தரைமட்டத்தில் இருக்கிறது. சீட் நனையாத தண்ணீரிலும் அது நனையும். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துக் கடைசி முழத்தில் வண்டல் கறை தேடுங்க. ஸ்டெப்னிக் குழி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிற பஞ்சு, சீட் ரெயிலின் போல்ட் துரு, முன்சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரில் பச்சைப் பூப்பு, எல்லாம் பாருங்க. மஞ்சள் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கிற ஆசை வேண்டாம். பேட்டரி நெகட்டிவை எடுத்து மூன்று நிமிஷமாவது காத்த பிறகு, தெரிந்த ஆள் மட்டும் தொடணும்.

சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணையணும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், பல்பைப் பிடுங்கியோ வேறு விளக்கோடு வயரை இணைத்தோ மறைத்திருக்கலாம். ஏர்பேக் பகுதியைத் தனியாகப் படிக்கிற ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் உண்மை வந்துவிடும்.

கடைசியாகச் சட்டம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, குறை இருக்கிற வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே கம்பெனிக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்துவிட்டன, அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஏழு வருஷத்துக்குட்பட்ட வண்டிக்குப் பொருந்தும். ஆனால் ஒரு மாடலுக்கு இத்தனை சதவீதம் புகார் என்று சேர்ந்தால்தான் விசாரணை நகரும். குரூப்பில் "எனக்கும் இதே பிரச்சினை மக்கா" என்று நூறு பேர் எழுதுவது கணக்கில் ஏறாது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன ரீகால் பகுதி இருக்கிறது, வண்டி நம்பர், சேஸிஸ் நம்பரோடு அங்கே பதியணும். "சத்தம் வருது" என்று எழுதாமல், எந்த வேகத்தில், எந்த கியரில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியில், எந்த விளக்கு எரிந்தது என்று எழுதுங்க.

செகண்ட்ஸ் பார்க்கப் போகிறவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு சேஸிஸ் நம்பரை வாங்கி ரீகால் பாக்கி பாருங்க. பாக்கி இருந்தால் ஓனரையே ஷோரூமில் விட்டு முடித்துத் தரச் சொல்லுங்க, அவருக்குக் காசு செலவில்லை. "அதெல்லாம் வாங்கின பிறகு நீங்க பாத்துக்கோங்க" என்று புரோக்கர் இழுத்தால், வேறு வண்டி பாருங்க.