கீழ் நாலடி

எங்கள் வீட்டில் சுண்ணாம்புக்கு மூன்று வேலை. ஆயா வெற்றிலையில் தடவிக்கொள்ளும். பொங்கலுக்கு முன்னால் சுவருக்கு அடிப்போம். மூன்றாவது, அதை வைத்துத்தான் எங்களுக்குச் சோறு. பாண்டியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்துச் செய்கிறேன். குடியிருப்பது கடலூர் முதுநகர். காலையில் பஸ், ராத்திரி பஸ். மலையேற்றத்தைப் பற்றி எழுத இவன் யார் என்று யாராவது கேட்பதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏறிய ஒரே மலை செஞ்சி ராஜகிரி, அதுவும் பாதியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு. ஆனால் சுண்ணாம்பும் தெரியும், கயிறும் தெரியும்.

அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கூடத்துக்குள் செயற்கைச் சுவர் கட்டி, கலர் கலராகப் பிடிகள் பதித்து, காசு வாங்கிக்கொண்டு ஏறவிடுகிறார்களாம். போன வாரம் ஊருக்கு வந்தவன் போனை நீட்டினான். ஒரு மலைச் சுவர். கன்னங்கரேல் என்று, நடுநடுவே பனித் திட்டு. "மாமா, இதுவும் உங்க சரக்குதான். முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு" என்றான்.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஐகர் மலையின் வடக்குச் சுவர் அது. சுவர் மட்டுமே 1,800 மீட்டர். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. ஏழு ராஜகிரியை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும் உச்சி எட்டாது. கடலுக்கடியில் சிப்பியும் சேறும் படிந்து இறுகிய கல்தான் சுண்ணாம்புக்கல். அரியலூர்ப் பக்கம் சுரங்கத்தில் சுருள் சுருளாக அம்மோனைட் கிடைக்கிறதே, அதே பிறப்பு. எவரெஸ்டின் உச்சிகூட சுண்ணாம்புக்கல்தான். நம்ம கிளிஞ்சல் சூளையில் வேகிற சிப்பிக்குப் போயும் போயும் எங்கெல்லாம் சொந்தக்காரர்கள்!

அந்தச் சுவரைக் கோடையில் முதலில் ஏறி முடித்தது 1938 ஜூலையில். ஹெக்மெயர், ஃபோர்க், ஹாரர், காஸ்பரெக் என்று நான்கு பேர். அதற்கு முன்னால் முயன்றவர்களில் பலர் செத்தார்கள். கல்லின் அடுக்குகள் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடக்கும் என்கிறார்கள். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு சரிந்திருக்குமே, அப்படி. கால் வைக்கிற இடமே கீழே தள்ளும். அதற்கு மேல் கல் விழும். விரிசலில் தண்ணீர் இறங்கி உறையும்போது கொஞ்சம் பெருத்து கல்லைப் பிளக்கும். வெயில் பட்டு உருகினால் பிளந்த கல் கையை விட்டுவிடும். கோடை மத்தியானத்தில் அந்தச் சுவரில் நிற்பவன் தலைக்கு மேலே ஓயாமல் கல்மழை.

அப்படியானால் குளிர்காலத்தில் ஏறினால் என்ன? இது பைத்தியக்காரக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் தொழில்காரன் கேள்வி. உறைந்த கல் உதிராது. பனி அதைச் சாந்து மாதிரி பிடித்து வைத்திருக்கும். இன்றைக்கு உலகம் சூடாகி அந்தப் பனித் திட்டுகள் கோடையில் கரைந்துபோவதால், விவரம் தெரிந்தவர்கள் பின்பனியிலும் வசந்தத்திலும்தான் அங்கே போகிறார்கள். ஆனால் கல் சும்மா இருக்கிறது என்பதற்காகக் குளிர் சும்மா இருக்குமா? மைனஸ் இருபது டிகிரி, குறுகிய பகல், பிடிக்க வேண்டிய விரிசலெல்லாம் பனி அடைத்து மூடிக் கிடக்கும். மார்கழியில் சில்வர் பீச்சில் காதுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு நடக்கிற நமக்கு இது புரியாது. எனக்கும் புரியாது.

1961இல் நான்கு பேர் புரிந்துகொள்ளப் போனார்கள். டோனி ஹீபெலர், டோனி கின்ஸ்ஹோஃபர், ஆண்டெர்ல் மன்ஹார்ட், வால்டர் அல்ம்பெர்கர். மார்ச் 6ஆம் தேதி தொடங்கி 12ஆம் தேதி உச்சி. ஐகர் வடக்குச் சுவரின் முதல் குளிர்கால ஏற்றம் என்று உலகமே கொண்டாடியது. (மார்ச் குளிர்காலமா என்று கேட்காதீர்கள். வானசாஸ்திரப்படி மார்ச் 20 வரை அங்கே குளிர்காலம் என்பது பொதுக் கணக்கு. பிப்ரவரியோடு முடிந்தது என்று வாதாடுகிற டெனிஸ் உருப்கோ போன்ற மலையேறிகளும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்த ஏற்றமே அடிபட்டுப் போகும்.)

அக்கா மகனுக்குக் கோபம் தேதி மேல் இல்லை. ஜன்னல் மேல்.

அந்த மலைக்குள்ளே ரயில் ஓடுகிறது. யுங்ஃப்ராவ் ரயில்பாதை, 1896இல் தொடங்கி 1912இல் முடித்தது. சுரங்கம் தோண்டும்போது உடைத்த கல்லை வெளியே கொட்டுவதற்குச் சுவரில் ஓட்டை போட்டார்கள். அதில் ஒன்றுக்கு மரக் கதவு. திறந்தால் நேரே வடக்குச் சுவர். இந்த நான்கு பேரும் பிப்ரவரிக் கடைசியில் அடிவாரத்திலிருந்துதான் கிளம்பினார்கள். அந்த ஓட்டை வரைக்கும் ஏறினார்கள். வானிலை கெட்டது. ஓட்டை வழியாக உள்ளே போய்ப் பத்திரமாகக் கீழே வந்துவிட்டார்கள். சில நாள் கழித்து, அடிவாரத்திலிருந்து மறுபடி ஏறாமல், அதே ஓட்டையிலிருந்து தொடர்ந்தார்கள். மார்ச் 6 என்பது அந்தக் கதவைத் தாண்டிய நாள். ஹீபெலர் பேனா பிடிக்கிற ஆள். அவர் உலகத்துக்குச் சொன்ன கதையில் இந்த இடைவேளை இல்லை. பிறகு வெளியே வந்து நாறிப்போனது.

"பிராடு மாமா. கீழேர்ந்து ஏறலைன்னா அது ஏத்தமே இல்ல."

"டேய் மாப்ள, அந்தக் கீழ்ப்பாகத்தை அவங்க ஏறாம விடலையே. ஒரு வாரம் முன்னாடி ஏறிட்டாங்களே."

"ஒரே மூச்சுல இல்லல்ல?"

இங்கேதான் எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை.

அந்த ஓட்டையைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்றை அப்புறம் அவன் போனிலேயே தேடி எடுத்தேன். 1936 ஜூலை. நான்கு இளைஞர்கள் அந்தச் சுவரில் மாட்டிக்கொண்டு, பின்வாங்கி இறங்கும்போது மூன்று பேர் போய்விட்டார்கள். டோனி குர்ட்ஸ் என்பவன் மட்டும் ராத்திரி முழுக்கக் கயிற்றில் தொங்கினான். ஒரு கை உறைந்து கட்டையாகிவிட்டது. அந்த ரயில் ஓட்டை வழியாகத்தான் வழிகாட்டிகள் அவனைக் காப்பாற்ற வெளியே வந்தார்கள். ஆனால் அவன் இருந்த இடத்துக்கு எட்டவில்லை. அவன் ஒற்றைக் கையால் தன் கயிற்றின் புரியைப் பிரித்து, நூலாக்கி, கீழே விட்டு, அவர்கள் கட்டிய கயிற்றை மேலே இழுத்துக்கொண்டான். அதற்கே மணிக்கணக்கு ஆனது. அந்தக் கயிறு நீளம் போதாமல் இரண்டை முடிந்திருந்தார்கள். இறங்கிக்கொண்டே வந்தவனின் இடுப்புக் கொக்கியில் அந்த முடிச்சு வந்து சிக்கியது. நுழையவில்லை. இன்னும் சில மீட்டர்தான். பல்லால் கடித்துப் பார்த்தான் என்கிறார்கள். முடியவில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே தொங்கிப்போனான்.

நாங்கள் மாடிச் சுவருக்குத் தொங்கு பலகையில் இறங்குவோம். கப்பியில் ஓடுகிற கயிற்றை ஒட்டுப்போடக் கூடாது என்பது என் அப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம். கயிறு எட்டவில்லையா, வேலையை நிறுத்து, முழுக் கயிறு வாங்கி வா. முப்பதடி உயரத்தில் முடிச்சு வந்து கப்பியில் உட்கார்ந்தால் மேலேயும் போகாது கீழேயும் வராது. ஒருமுறை எனக்கே ஆகியிருக்கிறது. பத்து நிமிஷம்தான், கீழே ஆள் இருந்தான், ஏணி போட்டான். அந்தப் பத்து நிமிஷத்தில் வாய் உலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. குர்ட்ஸ் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே அந்தக் கதவு வழியாக உள்ளே போனதை நான் குறையாகவே எண்ண மாட்டேன். வானிலை கெட்டால் உள்ளே போ. அதே கதவிலிருந்து மறுபடி தொடங்கினதும் என் கணக்கில் தப்பில்லை. சுவரின் கடினமான இடங்கள் எல்லாம் அந்தக் கதவுக்கு மேலேதான். ஹின்டர்ஸ்டாய்சர் குறுக்குப்பாதை, பனித் திட்டுகள், எட்டுப் பக்கமும் காலை நீட்டிக்கொண்டிருக்கிற 'வெள்ளைச் சிலந்தி' என்கிற பனித் திட்டு. அத்தனையையும் உறைபனியில், அங்கேயே ராத்திரிகளைக் கழித்து, நாலு பேரும் ஏறி முடித்தார்கள். சும்மா இல்லை அவர்கள். கின்ஸ்ஹோஃபரும் மன்ஹார்ட்டும் அடுத்த வருஷமே நங்க பர்வதத்தின் தியாமிர் முகத்தில் ஏறி உச்சி தொட்டவர்கள். கின்ஸ்ஹோஃபருக்கு அதில் கால் விரல்கள் போயின. ஏ.சி. அறைக்குள் சுவர் ஏறுகிற பையன் இவர்களைப் பார்த்து பிராடு என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது.

ஆனால் ஹீபெலர் மறைத்தது? அது தப்பு. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. மலையேற்றத்தில் அம்பயர் கிடையாது, கேமரா கிடையாது. ஏறினவன் வாய்தான் சாட்சி. அந்த வாயே ஒரு கதவை விழுங்கிவிட்டால் மீதி எதை நம்புவது? சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. "கதவு வரை ஒருமுறை, கதவிலிருந்து ஒருமுறை." அவ்வளவுதானே. இரண்டு வரி.

எங்கள் பெரியப்பா ஒருவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம் போவார். பதினாலு கிலோமீட்டர். முட்டி தேய்ந்த பிறகும் விடவில்லை. ஊருக்குத் திரும்பி விபூதி கொடுக்கும்போதே சொல்லிவிடுவார், "குபேர லிங்கத்துலேர்ந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் ஆட்டோ." கேட்காமலே சொல்வார். பெரியம்மா தலையில் அடித்துக்கொள்ளும், "இத யாரு கேட்டா உங்கள?" அவருடைய கிரிவலத்தை யாரும் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை.

இதுவரைக்கும் நியாயம் பேசியாயிற்று. இனி என் கதை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒயிட் டவுனில் ஒரு வீடு. உரிமையாளர் நல்ல மனுஷர், ரசனை உள்ளவர். பழைய சிமென்ட் பூச்சை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, பழைய முறைப்படியே சுண்ணாம்பு வேண்டும் என்றார். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினோம். சுண்ணாம்பு காய்வது வேறு, இறுகுவது வேறு. அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பக் கல்லாக வேண்டும். அதற்கு நாள் வேண்டும். தீபாவளிக்குக் குடிபோக வேண்டும் என்று அவருக்கு அவசரம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கீழ்ச்சுவரில் ஓதம். தரையிலிருந்து நாலடிக்குப் பூச்சு இறுகவே இல்லை, விரலால் அழுத்தினால் குழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சென்னை போயிருந்த நேரம், அந்த நாலடியைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசினேன். மேலே சுண்ணாம்பு வெள்ளை இரண்டு கோட். மணியாஸ் கட்டை போட்டு இழைத்ததில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

குடிபோன அன்றைக்கு அவர் முகநூலில் படம் போட்டார். "அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை முழுக்க முழுக்கச் சுண்ணாம்பு" என்று எழுதி, என் பெயரையும் சேர்த்து நன்றி சொன்னார். முந்நூறு பேர் லைக். நான் அதற்கு ஒரு ஹார்ட் போட்டேன்.

ஹீபெலரும் முதலில் பொய் என்று எதையும் திட்டம் போட்டுச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இதெல்லாம் என் ஊகம். யாரோ கைகுலுக்கியிருப்பார்கள், யாரோ மாலை போட்டிருப்பார்கள், அந்த நேரத்தில் "ஒரு சின்னத் திருத்தம்" என்று வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஹார்ட் போடுவது சுலபம்.

பழைய செங்கல் சுவர் உறிஞ்சுகிற ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே சுற்றி, உப்போடு மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்தில் பூக்கும். ஆக, நான் ஒளித்துவைத்த நாலடி, அதற்கு மேலே யோக்கியமாகப் பூசின நாலடியையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது.

அக்கா மகன் பெங்களூர் பஸ் ஏறின ராத்திரி அவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். பிறகு, "ஏன் மேஸ்திரி, அப்பவே சொல்லியிருந்தா குடிபோறத தள்ளிப்போட்டிருப்பேனே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உடைத்துப் பூசுகிற செலவு என்னுடையது என்றேன். பார்க்கலாம் என்றார். அதற்கப்புறம் அவர் குரலில் பழைய மரியாதை இருந்ததா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று போய் அளந்துவிட்டு வந்தேன். நாலடி நாலடி என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேனே, மற்றச் சுவர்களில் அது சரி. தெற்குச் சுவரில் மட்டும் நாலே முக்கால் அடி.