லிண்டேயின் பேராசிரியர் பதவி கௌரவப் பட்டமல்ல

குளிர்பதன இயந்திரங்களை உருவாக்கிய ஜெர்மன் பொறியாளர் கார்ல் லிண்டேயைப் பற்றி, "அவர் பட்டமில்லாத வியாபாரி, பேராசிரியர் என்பது பின்னாளில் கிடைத்த கௌரவம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதால் லிண்டே 1864-இல் சூரிக் பாலிடெக்னிக்கிலிருந்து நீக்கப்பட்டார், பட்டம் வாங்கவில்லை. அப்புறம் நடந்ததைத்தான் எழுதியவர் விட்டுவிட்டார். ரயில் இன்ஜின் ஆலையில் வேலை பார்த்த லிண்டே, 1868-இல் மியூனிக் பாலிடெக்னிக்கில் ஆசிரியரானார், 1872-இல் இயந்திரப் பொறியியலில் முழுப் பேராசிரியர். ஆய்வகம் அமைத்தார். டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், வெப்ப இயந்திரங்களின் திறன் எவ்வளவு குறைவு என்பதை இவர் வகுப்பில்தான் கேட்டார். கௌரவப் பேராசிரியரிடம் இப்படியா பாடம் கேட்பார்கள்? குளிர்பதன இயந்திரக் கம்பெனி தொடங்கி, அதற்காகப் பதவியை விட்டது 1879-இல். பேராசிரியர் வேலை முதலில், வியாபாரம் பிறகு. வரிசையைத் தலைகீழாகச் சொல்லாதீர்கள்.