"தேடிப் பார்த்துட்டுத்தானே போட்டோம்!"

முந்தாநாள் இரவு நடந்த கூத்தை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. என் நட்பு வட்டத்தில் எல்லாரும் பார்த்ததுதான். பாதிப் பேர் அதில் கலந்துகொண்டதும்தான். இறந்துவிட்டார் என்ற வதந்தியை நம்பி, உயிரோடு இருக்கிற மனிதருக்கு 'ஆழ்ந்த இரங்கல்', கறுப்பு வெள்ளைப் படம், 'உங்களோடு எடுத்துக்கொண்ட அந்த ஒரு செல்ஃபி போதும் ஐயா' என்று உருக்கம். விடிவதற்குள் எல்லாம் சத்தமில்லாமல் நீக்கப்பட்டும் விட்டது. இதெல்லாம் பழகிப்போன விஷயம். எனக்கு எரிச்சல் வந்தது அதற்குப் பிறகு வந்த விளக்கத்தைப் பார்த்துத்தான். "சும்மா போடல சார், தேடிப் பார்த்துட்டுத்தான் போட்டேன். மேலயே வந்துச்சே!"

என்ன வந்தது? நானும் தேடினேன். மேலே வரிசையாகச் சில பதிவுகள், எல்லாம் சற்றுமுன் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் யார்? நம் ஆட்கள்தான். குடும்பத்தார் சொன்னது ஒரு வரி கிடையாது. மருத்துவமனை அறிக்கை கிடையாது. ஒரு நிருபர் பெயர்கூடக் கிடையாது. நாம் எழுதினோம், தேடுபொறி அதை எடுத்து நம்மிடமே நீட்டியது, நாம் ஆதாரம் என்று வாங்கி வைத்துக்கொண்டோம். கிணற்றுக்குள் கத்திவிட்டு, 'பாரு, உள்ளேயிருந்தும் ஒருத்தர் அதையேதான் சொல்றார்' என்கிற கதை.

இதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வதந்தியைச் சரிபார்க்கப் போகிற இடத்திலேயே வதந்தியைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

இது தானாக நடந்ததும் இல்லை. 2009 அக்டோபர் 21 அன்று மைக்ரோசாஃப்டும் கூகுளும் ஒரே நாளில், ட்வீட்டுகளைத் தங்கள் தேடலில் காட்ட ட்விட்டரோடு ஒப்பந்தம் என்று அறிவித்தன. டிசம்பர் 7 அன்று கூகுளின் ரியல்டைம் தேடல் வந்தது. தேடினால் முடிவுகளுக்கு நடுவே ட்வீட்டுகள் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம். நானும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அதன் அடியில் இருந்த சிக்கலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு பக்கத்தை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் கூகுள் அதன் தகுதியை எடைபோட்டு வந்தது. அந்த இணைப்புகள் சேர நாள் ஆகும், மாதம் ஆகும். இரண்டு நிமிடத்துக்கு முன் எழுதிய பதிவை யார் சுட்டியிருப்பார்கள்? ஒருவரும் இல்லை. அதனால் வேறு அளவுகோல் தேவைப்பட்டது. எழுதியவரைப் பின்தொடர்கிறவர்கள் யார், அவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அதாவது சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு, சொன்ன ஆளை எடைபோட்டார்கள். முந்தாநாள் முதலில் இரங்கல் போட்டவருக்கு எத்தனை ஃபாலோயர்கள் என்று போய்ப் பாருங்கள். அப்புறம் வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

"நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியபோது முதல் படம் ட்விட்டரில்தானே வந்தது?" என்று ஒருவர் வருவார். எப்போதும் வருகிறார். 2009 ஜனவரி, படகில் இருந்த ஒருவர் எடுத்த படம். உண்மைதான். அவர் அங்கே இருந்தார், கண்ணால் பார்த்தார், படம் எடுத்தார். முந்தாநாள் இரங்கல் எழுதியவர்களில் யார் எங்கே இருந்தார்கள்? படுக்கையில்.

அதே ஆட்கள் 2017 நவம்பரைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். டெக்சாஸில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கொன்றவனின் பெயரைக் கூகுளில் தேடியவர்களுக்கு மேலேயே ட்விட்டர் பதிவுகள் காட்டப்பட்டன. அவன் இன்ன அரசியல் கூட்டத்தைச் சேர்ந்தவன், மதம் மாறியவன் என்று ஆதாரமே இல்லாத பதிவுகள். உடல்களை அடக்கம் செய்வதற்குள் அரசியல் கணக்குத் தீர்க்க வந்தவர்கள் எழுதியவை. உலகத்தின் பெரிய தேடுபொறி அவற்றை மேலே தூக்கி வைத்தது. பிறகு, சரிசெய்கிறோம் என்றார்கள். சரி, செய்யட்டும்.

முந்தாநாள் விஷயத்துக்கு வருகிறேன். இறந்ததாகச் சொல்லப்பட்ட அந்த மனிதருடைய மகளை எனக்குத் தெரியும். செய்தி பரவியதும் நான் பதிவு போடவில்லை, அவளுக்குப் போன் போட்டேன். நாலாவது முறைதான் எடுத்தாள். "அண்ணா, நீங்களுமா?" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. "அப்பா பக்கத்துலதான் உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டிருக்கார். போன் வந்துக்கிட்டே இருக்கறதால, யாருக்கு என்னம்மா ஆச்சுன்னு என்னையே கேக்கறார். நான் என்ன சொல்லட்டும்?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்டது. அதே நிமிடம் என் கணினித் திரையில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ ஒருவர் அழுகிற முகம் போட்டுக்கொண்டிருந்தார்.

இதை எழுதினால் "நீங்க எல்லாத்தையும் சென்டிமென்ட் ஆக்கறீங்க" என்பார்கள். ஆக்குகிறேன். அவர் இருமியதை நான்தானே கேட்டேன்?

"அப்போ புதிய தகவலே தேடலில் வரக் கூடாதா, வெள்ளம் வந்தால், நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. வரட்டும். அந்த நேரத்தில் பயன்படத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'இது இன்னும் யாரும் சரிபார்க்காதது' என்று கண்ணில் குத்துகிற மாதிரி எழுதிப் போட என்ன கஷ்டம்? பதிலும் வதந்தியும் ஒரே பக்கத்தில், ஒரே மரியாதையோடு வந்தால் அவசரத்தில் இருப்பவனுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

"வயிற்றெரிச்சல், உங்க பதிவு மேல வரலையேன்னு" என்று இன்னொருவர். இவருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் பதிவுகள் யாருடைய சரக்கு? 2009இல் அந்த இரண்டு ஒப்பந்தங்களும் சேர்த்து ட்விட்டருக்குச் சுமார் 2.5 கோடி டாலர் என்று செய்தி வந்தது. 2011 ஜூலையில் கூகுளோடு ஒப்பந்தம் முடிந்தது, ரியல்டைம் தேடலும் மூடப்பட்டது. 2015இல் மறுபடி கைகோத்தார்கள். 2024 பிப்ரவரியில் ரெடிட் என்கிற இணைய அரட்டைத் தளத்தோடு கூகுளுக்கு ஒப்பந்தம். ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டு மே மாதம், பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லை என்று கேட்டவருக்குக் கூகுளின் செயற்கை நுண்ணறிவு 'பசை கலந்து பாருங்கள்' என்றது. பத்து வருடத்துக்கும் முன்னால் ரெடிட்டில் எவரோ விளையாட்டாக எழுதிய வரியில் இருந்து வந்த யோசனை அது. நாம் சிரித்தோம். அந்த வரியை எழுதியவரிடம் யாராவது கேட்டார்களா? நம்மிடம்தான் யாராவது கேட்டார்களா? திண்ணைப் பேச்சு மாதிரி நாலு பேரோடு பேசிக்கொண்டதை மூட்டை கட்டி விற்கிறார்கள். வாங்கியவர் அதை அறிவு என்று நமக்கே பரிமாறுகிறார். விற்றவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம். போன் எடுத்து எடுத்துத் தொண்டை கட்டியது மட்டும் அந்தப் பெண்ணுக்கு.

நீக்கினவர்களில் ஒருவராவது அவளை அழைத்து 'தப்பு நடந்துபோச்சும்மா' என்று சொன்னாரா? நேற்று இரவு கேட்டேன். இல்லையாம். ஆனால் என் பதிவில் வந்து 'தேடிப் பார்த்துட்டுத்தான் போட்டோம்' என்று விளக்கம் கொடுக்க மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. நான் பழைய பஞ்சாங்கமாம், தொழில்நுட்பம் தெரியாதவனாம். இருந்துவிட்டுப் போகிறேன்.

இதற்கும் கீழே வந்து "சொன்னதுக்கெல்லாம் லிங்க் இருக்கா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தேடிக்கொள்ளுங்கள். மேலயே வரும்.