5 வெள்ளி நோட்டில் இருப்பது தெம்புசு மரம்

சிங்கப்பூரின் 5 வெள்ளி (டாலர்) நோட்டின் பின்புறம் உள்ளது தூங்குமூஞ்சி மரம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். அது தெம்புசு மரம். பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் நிற்பது, 1859இல் தோட்டம் அமைவதற்கு முன்பிருந்தே அங்கு இருப்பதாகக் கருதப்படுவது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. தெம்புசுவோ இந்த மண்ணுக்கே உரியது, அதனால்தான் பெயர் மாறிப்போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரிபார்க்க நோட்டையே எடுத்துப் பாருங்கள்: தரையையொட்டி நீளும் கிளை தெரியும். பூமலைக்குப் போனால் அதே கிளையை நேரில் காணலாம். மாலை வரை காத்திருங்கள். தூங்குமூஞ்சியின் சிற்றிலைகள் கூம்பிவிடும், தெம்புசுவின் இலைகள் அப்படியே விரிந்திருக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் மரபுடைமை மரப் பட்டியலிலும் தேடிப் பார்க்கலாம்.