கச்சான் கோதும் காப்புரிமைத் தேடலும்

புதுக்குடியிருப்பில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பெறாமகன், சென்ற மாரிக்கு முன்னர் கச்சான் (நிலக்கடலை) கோதுடைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்தான். லான்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தின் எஞ்சினில் சுழலும் ஓர் உருளை, அதன் கீழே வளைந்த கம்பிச் சல்லடை, உருளையின் மேல் பழைய டயரிலிருந்து வெட்டி போல்ட் போட்டு இறுக்கிய ரப்பர்ப் பட்டிகள், அவ்வளவுதான். முதலில் இரும்புப் பட்டி போட்டிருந்தான். பருப்பு இரண்டாகப் பிளந்து விதைக்கு உதவாமல் போனது. ரப்பர் போட்ட பிறகு முழுப் பருப்பாக விழுகிறது. "பெரியப்பா, இதுக்குக் காப்புரிமை எடுக்கேலுமோ?" என்று கேட்டான்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உலகில் எந்த மூலையிலாவது முன்னரே வெளிப்படுத்தப்பட்ட ஒன்று புதிய கண்டுபிடிப்பாகாது. எனவே முதல் வேலை தேடுவது. அவன் இணையத்தில் இருந்த தானியங்கித் தேடல் சேவை ஒன்றுக்குப் பணம் கட்டினான். சில நிமிடங்களில், ஒத்த கண்டுபிடிப்பு எதுவும் காணப்படவில்லை என்று அழகான அறிக்கை ஒன்று வந்து சேர்ந்தது. அவனுக்கு மகிழ்ச்சி. முப்பது ஆண்டுகள் நூலகப் பட்டியல் அட்டை எழுதிக் கை தேய்ந்த எனக்கு அந்த 'எதுவும்' என்ற சொல்தான் உறுத்தியது.

நாங்கள் கச்சான் என்பதைத் தமிழகத்தில் நிலக்கடலை என்பார்கள், வேர்க்கடலை என்பார்கள், சில மாவட்டங்களில் மல்லாட்டை என்பார்கள். ஒரே மொழிக்குள்ளேயே இந்த நிலை என்றால், ஆங்கிலத்தில் பீநட், கிரவுண்ட்நட் என்றும், ஜெர்மன், சீனம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் வேறு பெயர்களிலும் எழுதப்பட்ட ஆவணங்களைச் சொல்லை வைத்துத் தேடுபவனின் கதி என்ன? அதற்கும் மேலே, காப்புரிமை எழுதும் சட்டத்தரணிகள் வேண்டுமென்றே பொதுச்சொற்களைத் தெரிவு செய்கிறார்கள். 'ரப்பர்' என்று எழுதினால் பாதுகாப்பு ரப்பரோடு நின்றுவிடும் என்பதால் 'மீள்தன்மையுள்ள உறுப்பு' என்று எழுதுவார்கள். டயர் என்ற சொல்லை அந்த ஆவணங்களில் தேடுவது, வயலில் மீன் பிடிக்கப் போவதைப் போன்றது. (எங்கள் பக்கத்து வயல்களில் மாரியில் மீனும் பிடிபடும், அது வேறு கதை.)

மனிதர் இட்ட வகைக் குறியீடு இந்தச் சொற்சிக்கலைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. காப்புரிமை அலுவலகத்தில் ஓர் ஆய்வாளர் விவரணத்தை வாசித்து, வரைபடத்தைப் பார்த்து, இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று விளங்கிக்கொண்டு ஒரு குறியீட்டை இடுகிறார். 1971இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழிவந்த சர்வதேச வகைப்பாட்டில், கொட்டைகளின் கோதை உடைக்கும் இயந்திரங்களுக்கு ஏ23என் 5/00 என்ற இடமும், அதற்குள் கச்சானுக்கென்றே ஏ23என் 5/01 என்ற இடமும் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் 2013 ஜனவரியிலிருந்து பயன்படுத்தும் கூட்டு வகைப்பாடு அந்தச் சர்வதேச வகைப்பாட்டையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்து, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பிரிவுகளைக் கொண்டிருக்கிறது. எந்த மொழியில் எழுதியிருந்தாலும், பெயர் எதுவாக இருந்தாலும், கச்சான் கோதுடைக்கும் இயந்திரம் அந்தப் பெட்டிக்குள் வந்து விழ வேண்டும்.

'வேண்டும்' என்றுதான் சொல்கிறேன், எப்போதும் விழுவதில்லை. களைத்துப்போன ஆய்வாளர் அதைக் கதிரடிக்கும் இயந்திரங்களுக்கான ஏ01எஃப் வகுப்பில் போட்டுவிடலாம். புதிய தொழில்நுட்பத்துக்கு வகுப்புத் திறக்கப்படுவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும். பட்டியலட்டைக்காரன் என்ற பாசத்தில் இதை நான் மறைக்கக் கூடாது. சொற்பொருளை ஒப்பிட்டுத் தேடும் இன்றைய கணினி முறைகள் வகுப்பு எல்லைகளைத் தாண்டிச் சென்று இப்படி வழிதவறியவற்றையும் பிடித்துத் தருகின்றன. சீன ஆவணம் ஒன்றை நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு வாசிக்க முடிவதும் கணினி மொழிபெயர்ப்பினால்தான்.

ஆனாலும் கணினி 'இல்லை' என்று சொல்வதை நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை. 1985இல் பிளேயர், மாரன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதற்குக் காரணம். பெரிய வழக்கொன்றின் ஏறத்தாழ 40,000 ஆவணங்களை முழு உரைத் தேடலில் துழாவிய சட்டத்தரணிகள், தொடர்புள்ளவற்றில் 75 வீதத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது ஏறத்தாழ 20 வீதம். ஒரு தரப்பு 'விபத்து' என்று எழுதியதை மற்றத் தரப்பு 'சம்பவம்' என்றும் 'நிலைமை' என்றும் எழுதியிருந்தது. கணினிகள் அதன் பிறகு வெகுதூரம் வந்துவிட்டன என்பது உண்மைதான், ஆனால் கிடைக்காததைத் தேடுபவர் காண்பதில்லை என்ற சிக்கல் அப்படியே இருக்கிறது.

எங்கள் மொழிக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். காயத்தை ஆற்ற மஞ்சள் பயன்படும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டு, இந்தியா எதிர்த்ததால் 1997இல் இரத்தானது. அந்த அறிவு நம் பாட்டிமாரிடமும் பழைய ஏடுகளிலும் இருந்தும், ஆய்வாளரின் தேடலில் அகப்படவில்லை. பின்னர் 2001இல் இந்தியா தொடங்கிய மரபுசார் அறிவு மின்னூலகத்தில் தமிழ்ச் சித்த மருத்துவச் செய்யுள்களையும் அறிஞர்கள் வாசித்து, வகைக் குறியீடு இட்டு, ஐந்து பன்னாட்டு மொழிகளில் கிடைக்கச் செய்தார்கள். மூலிகை பற்றிய செய்யுளை விளங்கிக்கொண்டு உரிய பெட்டியில் வைத்தவர் மனிதரே.

நாங்கள் செய்தது இரண்டையும் கலந்துதான். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடுதளமான எஸ்பாசெனட்டில் இலவசமாக, முதலில் சாதாரணச் சொற்களைப் போட்டு, ஓரளவு நெருங்கிய ஆவணங்கள் சிலவற்றைத் திறந்து, அவற்றில் திரும்பத் திரும்ப வந்த குறியீட்டைக் குறித்துக்கொண்டோம். பிறகு சொற்களைக் கைவிட்டு, அந்தக் குறியீட்டின் கீழ் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, வரைபடங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனோம். மூன்றாம் நாள் இரவு, சீனத்து ஆவணம் ஒன்றின் வரைபடத்தில் உருளையும் அதன் மேல் பட்டிகளும் தெரிந்தன. மொழிபெயர்த்துப் பார்த்தால் 'மீள்தன்மையுள்ள பட்டை' என்று இருந்தது. பெறாமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவையின்ரை சல்லடையைப் பாருங்கோ பெரியப்பா, இடைவெளியை மாத்தேலாது. எங்கடையிலை ஏலும்," என்றான். இன்னும் பார்க்காத வரைபடங்கள் நானூறுக்கு மேல் இருக்கின்றன. நாளை இரவு சல்லடைகளை மட்டும் பார்க்கப் போகிறோம்.